மதுவக் கலமும் ‘பயன்’ என்னும் வினாவும்: யொஷினோரி ஒசுமியின் ஆய்வுப்பணி பற்றிய ஒரு குறிப்பு

விஞ்ஞானம் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பது முற்போக்குச் சிந்தனையின் அடிப்படைக் கோரிக்கைகளுள் ஒன்றாகும். ஜே. டி. பேர்னால் 1939 இல் வெளியிட்ட ‘விஞ்ஞானத்தின் சமூகப் பணி’ என்னும் நூல் இக்கோரிக்கைக்குக் கோட்பாட்டு வடிவம் அளித்தது. ஆயின் ஓர் ஆய்வின் பயனை மதிப்பிடுவோர் யாவர்? எத்துணைக் காலம் பொறுத்திருந்து மதிப்பிடுவது? யப்பானிய மூலக்கூற்று உயிரியலாளரான யொஷினோரி ஒசுமியின் ஆய்வுவாழ்வு இவ்வினாக்களை நம்முன் நிறுத்துகின்றது.

1945 இல் புக்குவோக்காவிற் பிறந்த ஒசுமி, 1974 இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் நியூயோர்க்கிலுள்ள ரொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்திலேயே மதுவம் அவரது ஆய்வுப்பொருளாயிற்று. அப்பத்தையும் மதுவையும் நொதிக்கச் செய்யும் இவ்வுயிரி ஒற்றைக் கலத்தாலானது; விரைவிற் பெருகுவது; எனினும் நமது கலங்களைப் போலவே கருவும் பிற உள்ளுறுப்புகளும் உடையது. மனித உடலில் நேரடியாகச் செய்யவியலாத பரிசோதனைகளை இதிற் செய்ய இயலும்.

1977 இல் நாடு திரும்பிய அவர், மதுவக் கலத்தினுள் உள்ள புன்வெற்றிடத்தை ஆராயத் தொடங்கினார். அது கலத்தின் குப்பைக்கிடங்கு என்றே அன்று பெரிதும் கருதப்பட்டது. பலர் நாடாத துறை என்பதே அவரை ஈர்த்த காரணங்களுள் ஒன்று. 1988 இல், தமது 43ஆவது வயதில், அதே பல்கலைக்கழகத்தில் இணைப்பேராசிரியராகித் தமக்கென ஒரு சிறு ஆய்வுகூடத்தைப் பெற்றார்.

அவ்வாண்டு அவர் செய்த பரிசோதனை எளிமையானது. புன்வெற்றிடத்தினுள் புரதங்களைச் சிதைக்கும் நொதியங்கள் இல்லாத மதுவக் கலங்களை எடுத்து, அவற்றுக்கு நைதரசன் கிடைக்காதவாறு செய்தார். கலம் பசிக்கு உள்ளாகும்போது தனது பொருள்களையே சிதைத்துப் பயன்படுத்துமாயின், சிதைக்கும் நொதியம் அற்ற நிலையில் அப்பொருள்கள் அழியாது தேங்க வேண்டும் என்பது அவரது தருக்கம். சில மணி நேரத்துள் புன்வெற்றிடம் சிறு உருண்டைகளால் நிறைந்தது. அவை ஓயாது அசைந்துகொண்டிருந்தமையைச் சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியிலேயே காண முடிந்தது. கலம் தனது உட்பொருளின் பகுதிகளை மென்சவ்வினாற் பொதிந்து புன்வெற்றிடத்துக்கு அனுப்புகின்றது என்பது பின்னர் தெளிவாயிற்று.

இந்நிகழ்வுக்குத் ‘தன்னுண்ணல்’ எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரை 1963 இலேயே கிறிஸ்தியன் டி டூவ் இட்டிருந்தார். பெயர் இருந்தது, அது நடைபெறும் விதம் அறியப்படவில்லை. ஒசுமியும் அவரது மாணவி மிக்கி சுக்காடாவும் விகாரமுற்ற கலங்களை ஆயிரக்கணக்கிற் சோதித்தனர். தன்னுண்ண இயலாத கலங்கள் நைதரசன் பசியில் விரைவில் மடிந்தன. அவற்றின் துணைகொண்டு, இச்செயலுக்கு இன்றியமையாத 15 பரம்பரையலகுகளை 1993 இல் அவர்கள் இனங்கண்டனர்.

இங்கு சிதைவும் ஆக்கமும் ஒரே இயக்கத்தின் இரு பக்கங்களாகும். பழைய புரதம் சிதைந்து கிடைக்கும் அமினோவமிலங்களிலிருந்தே புதிய புரதம் ஆக்கப்படுகின்றது. இதனை இயக்கவியலுக்கு உதாரணமாகக் காட்டி, அவ்வாறே சமூகத்துக்கும் பொருத்திவிடும் ஆவல் நம்மிற் சிலருக்கு எழக்கூடும். அது தவறு. கலத்தின் பசி வேறு, மனிதர் மீது சுமத்தப்படும் பசி வேறு.

மதுவத்திற் கண்ட பரம்பரையலகுகளின் இணைகள் பாலூட்டிகளிலும் காணப்பட்டன. அவற்றுள் ஒன்றுக்குப் புற்றுநோயோடுள்ள தொடர்பு 1999 இல் வெளிப்பட்டது. தன்னுண்ண இயலாத எலிக்குட்டிகள், நச்சுக்கொடி வழியான ஊட்டம் அறுந்ததும் பிறந்த ஒரு நாளுள் இறந்துவிடுகின்றன என்பது 2004 இல் காட்டப்பட்டது. 2016 இல் மருத்துவத்துக்கான நொபெல் பரிசு ஒசுமிக்குத் தனியே வழங்கப்பட்டது.

1988 இல் அவரிடம் “இதனாற் பயன் யாது?” என்று கேட்டிருப்பின் விடை கிடைத்திராது. நோய் எதனையும் குணப்படுத்தும் நோக்குடன் அவர் தொடங்கவில்லை. யப்பானில் 2004 இல் அரச பல்கலைக்கழகங்கள் தனி நிறுவனங்களாக்கப்பட்டு, அவற்றின் அன்றாடச் செலவுக்கான அரச மானியம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. இதனால் அடிப்படை ஆராய்ச்சி நலிவடைவதைப் பரிசு பெற்ற பின் ஒசுமி வெளிப்படையாகவே கண்டித்தார். 2017 இல் அத்தகைய ஆராய்ச்சிக்கு உதவ ஒரு நிதியத்தையும் நிறுவினார்.

உடனடி இலாபத்தை நாடும் மூலதனம் விஞ்ஞானத்தைக் குறுக்குகின்றது என்பதை நாம் எளிதிற் கூறிவிடுகின்றோம். ஆயின் சோவியத் நாட்டில் 1948 இல் மரபியல் ஒடுக்கப்பட்டதும் வேளாண்மைக்கு உடனடிப் பயன் என்னும் பெயராலேயே என்பதை மறத்தல் நேர்மையாகாது. விஞ்ஞானம் மக்களுக்குரியது என்பதன் பொருள், ஒவ்வோர் ஆய்வும் அடுத்த அறுவடைக்குள் கணக்குக் காட்ட வேண்டும் என்பதன்று. விடை தெரியாத வினாக்களைத் தொடர்ந்து ஆராய்வோரையும், அவர்களுடன் பெயர் அறியப்படாது உழைக்கும் மாணவரையும் பொதுச் செல்வத்தினால் தாங்கி நிற்கும் பொறுப்பு சமூகத்துக்கு உண்டு என்பதே அதன் பொருள். பேர்னாலின் கோரிக்கையை நாம் கைவிட வேண்டியதில்லை; அதிலுள்ள ‘பயன்’ என்னும் சொல்லின் கால எல்லையை விரித்துக்கொள்ளல் வேண்டும்.