கடலின் மேற்பரப்பு வெப்பமும் அதன் கணக்கும்

வெப்ப மண்டலக் கடலை அமைதியான பகற்பொழுதில் காண்பவர்க்கு அதன் மேல்நீர் முழுவதும் ஒரே சூட்டில் இருப்பதாகவே தோன்றும். உண்மை அதுவன்று. காற்று ஓய்ந்த பகலில் மேற்பரப்பு நீர், சில மீட்டர் ஆழத்திலுள்ள நீரைவிட 3 டிகிரி செல்சியஸ் வரையிலும் சூடேறுவதுண்டு. மறுநாள் விடிவதற்குள் அவ்வேற்றுமை பெரும்பாலும் மறைந்துவிடும்.

இதற்குக் காரணம் யாது? கடலுள் புகும் சூரிய வெப்பத்தில் பாதிக்கு மேற்பட்ட பகுதியை முதல் ஒரு மீட்டர் நீரே உறிஞ்சிக் கொள்கிறது. சூடேறிய நீர் இலேசானது. ஆதலால் அது மேலேயே மிதந்து நிற்கிறது. பலத்த காற்று வீசினால் அது கலக்கப்பட்டுக் கீழ்நீரோடு சேர்ந்துவிடும். இரவிலோ மேற்பரப்பு குளிர்ந்து, கனத்த நீர் கீழே அமிழ, வெப்ப அடுக்கு கலைகிறது.

சூரியனுக்கும் காற்றுக்கும் இடையே நிகழும் இப்போட்டியைக் கணக்கிட, பிரைஸ், வெல்லர், பிங்கல் ஆகிய மூவர் 1986-இல் ஒரு கணித மாதிரியை வெளியிட்டனர். அது கடலைப் பல மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சேரும் வெப்பத்தைக் கணிக்கிறது. இலேசான மேலடுக்கு, காற்றின் உந்துதலைத் தானே ஏற்றுக் கீழ்நீரின்மேல் வழுக்கியோடும். அவ்வோட்டம் விரைவானால் இரண்டுக்கும் இடையே கலக்கம் உண்டாகும். நீரின் மிதக்கும் தன்மைக்கும் ஓட்ட வேக வேற்றுமைக்கும் உள்ள விகிதமே 'ரிச்சர்ட்சன் எண்' எனப்படும். மேலடுக்குக்கு அவ்வெண் 0.65-க்குக் குறைந்தால், மீண்டும் அந்த அளவை எட்டும்வரை கீழ்நீர் கலந்து அடுக்கு ஆழமாகும் என்பது அம்மாதிரியின் விதிகளுள் ஒன்று.

கடலுக்கு மெல்லிய தோல் போன்ற ஒரு படலமும் உண்டு. ஒரு மில்லிமீட்டரினும் மெலிந்த அப்படலம், நீர் ஆவியாவதாலும் வெப்பத்தை வெளிவிடுவதாலும், அடியிலுள்ள நீரைவிடச் சாதாரணமாக ஒரு டிகிரியில் சில பத்தில் ஒரு பங்கு குளிர்ந்திருக்கும். அகச்சிவப்புக் கதிர்களால் அளக்கும் செயற்கைக்கோள் இப்படலத்தை மட்டுமே காண்கிறது. கப்பலோ சில மீட்டர் ஆழத்து நீரை இழுத்து அளக்கிறது. இரண்டும் சரியான அளவுகளே. எனினும் அவை ஒன்றல்ல.

இச்சிறு வேற்றுமை பொருட்படுத்தத் தக்கதா? 1992-93-இல் மேற்குப் பசிபிக் கடலில் பல நாட்டு விஞ்ஞானிகள் பெரும் ஆராய்ச்சி ஒன்றை நடத்தினர். கடலுக்கும் காற்றுக்கும் இடையே நிகழும் வெப்பப் பரிமாற்றத்தை ஒரு சதுர மீட்டருக்கு 10 வாட் அளவு துல்லியமாக அறிவது அவர்கள் நோக்கங்களுள் ஒன்று. அதற்கு மேற்பரப்பு வெப்பநிலையை 0.2 டிகிரிக்குள் பிழையின்றி அறிய வேண்டியிருந்தது. பகற்சூட்டையும் குளிர்ந்த படலத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறையொன்றை ஃபேரல் குழுவினர் 1996-இல் வெளியிட்டனர்.

கடலின் சூடு மிகுந்தால் ஆவியாகும் நீரும் மிகும். அந்த ஆவியே மழை மேகமாகிறது. ஆகவே, மழையின் வரவை முன்னறிய விரும்புவோர், கடலின் மேற்பரப்பில் நாள்தோறும் நிகழும் இம்மாறுதலையும் கணக்கில் கொள்ளுதல் இன்றியமையாததாகும்.