பனியின் மேல் விழுந்த பழி

அப்புத்தளையில் பின்னேரமானால் மேகம் ரோட்டுக்கே இறங்கிவிடும். அதற்கு முன்பே லயத்துப் பாட்டிமார் பேரப்பிள்ளையின் காதை மூடித் தொப்பி மாட்டியிருப்பார்கள். "பனி பட்டா முட்டு வந்துரும்." நானும் அதைக் கேட்டே வளர்ந்தவன். தொப்பியில் தப்பில்லை. ஆனால் பிள்ளைக்கு இழுப்பைக் கொண்டுவருவது பெரும்பாலும் பனியல்ல. இரண்டு நாளைக்கு முன்னர் பக்கத்தில் படுத்திருந்த அண்ணனின் தடிமல்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 1995இல் வெளியான முடிவு இது: மூச்சிரைப்பு கூடிய தடவைகளில் ஏறக்குறைய 80 சதவீதத்தில் சுவாச வைரஸ் இருந்தது. பெரும்பங்கு ரைனோ வைரஸ், அதாவது சாதாரணத் தடிமல். அதில் 160க்கு மேற்பட்ட வகைகள். ஒன்று வந்து போனால் அடுத்தது வராது என்றில்லை, தடுப்பூசியும் இல்லை. 2020இல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியபோது, பல நாடுகளில் ஆஸ்துமாவுக்காக வைத்தியசாலைக்கு வந்த பிள்ளைகளின் தொகை சட்டென்று குறைந்தது. குளிர் அந்த வருடமும் குளிராகத்தான் இருந்தது.

பனி முழு நிரபராதியும் அல்ல. குளிர்காற்று சுவாசக் குழாயைச் சுருக்கும். ரைனோ வைரஸும் உடல் சூட்டைவிடச் சற்றுக் குளிர்ந்த மூக்கில்தான் நன்றாகப் பெருகும். ஆஸ்துமா உள்ளவரின் குழாய் ஏற்கெனவே வீங்கியிருப்பது. வைரஸை மடக்கும் இன்டர்ஃபெரோனும் பலருக்குப் பிந்தியே சுரக்கிறது. ஊருக்கெல்லாம் மூக்கொழுகலாகப் போவது இவர்களுக்கு நெஞ்சுக்குள் இறங்கிவிடுகிறது.

இனி நமது காம்பராவுக்கு வருவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி. வடகீழ்ப் பருவமழை பிடித்தால் கதவைத் திறக்க முடியாது. விறகடுப்புப் புகை மூச்சுப்பாதையின் நுண்மயிர்களை முடக்கும். ஒருவர் தும்மினால் அத்தனை பேருக்கும் பங்கு. பகலில் பிள்ளைக் காம்பராவிலும் அதே நெருக்கம். தேயிலைத் தூசியால் தொழிற்சாலைக்காரருக்கு வரும் ஆஸ்துமாவை டாக்டர் சி. ஜி. உரகொட 1970இலேயே எழுதிவிட்டார். லயத்துக் காற்றைப் பற்றித்தான் நாம் இன்னும் பேசத் தொடங்கவில்லை. ஜன்னலும் புகைபோக்கியும் இல்லாத வீட்டுக்கு மருந்து மட்டும் கொடுப்பது அரைவைத்தியம் என்பேன்.

அந்த அரைவைத்தியத்தையாவது ஒழுங்காகச் செய்கிறோமா? தடிமலுக்கு அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுக்கிறோம். வைரஸை அது தொடாது. தினமும் இழுக்கச் சொன்ன ஸ்டீராய்டு பம்ப் பெரும்பாலும் கபில நிறத்தில் இருக்கும். முட்டு அடங்கியதும் அது அலுமாரிக்குப் போய்விடுகிறது. உண்மையில் அடுத்த தடிமல் வரும்போது காப்பது அதுதான். நீலப் பம்ப் அந்த நேரத்து இறுக்கத்தை மட்டுமே தளர்த்தும்.

மடுல்சீமையிலிருந்தோ நமுனுகுலையிலிருந்தோ பதுளை வைத்தியசாலைக்கு இறங்க எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்குத் தெரியும். விலா உள்ளே இழுபட்டால், பேச்சு விட்டு விட்டு வந்தால், உதடு நீலித்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஒக்டோபர் மழைக்கு முன்னர் கிளினிக் கொப்பியை எடுத்து, பம்பில் மருந்து மிச்சமிருக்கிறதா என்று ஒருதரம் பாருங்கள்.