கிளட்சை மிதித்தும் கியர் விழவில்லையா? கியர்பாக்ஸை இறக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்!

பௌர்ணமிக்கு முதல் நாள் என்றால் திருவண்ணாமலையில் பூவுக்குக் கிராக்கி உண்டு. அடி அண்ணாமலையைச் சேர்ந்த அந்த விவசாயியும் அதை நம்பித்தான் விடியும் முன்பே சம்பங்கியைப் பறித்துக் கட்டி, லோடு வண்டியில் ஏற்றிவிட்டார். பழைய வண்டி, இரண்டாம் கையாக வாங்கியது. எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் ஊரில் இதற்குப் பெயர் குட்டியானைதான். எஞ்சின் ஒரே சாவியில் ஓடியது. கிளட்சை அடிவரை மிதித்து முதல் கியரைப் போட்டால், 'கர்ர்ர்' என்று பல் உரசும் சத்தம்தான் வந்தது, கியர் விழவில்லை. ரிவர்ஸ் இன்னும் மோசம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டால் அதே கியர் சிரமமில்லாமல் விழுந்தது. சரி என்று கியரில் வைத்தபடியே, கிளட்சை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். மிதித்த கால் மிதித்தபடி இருக்க, வண்டி தானாக முன்னால் நகர்ந்தது. வாசலில் நின்ற கன்றுக்குட்டி தப்பியது அதிர்ஷ்டம்.

பூ மூட்டைகள் அன்று பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோவில் டவுனுக்குப் போயின. போனில் விசாரித்த ஒரு பட்டறையில், "கிளட்ச் செட் போயிருக்கும்ணே. கொண்டாந்து விடுங்க, கியர்பாக்ஸை இறக்கிடலாம்" என்றார்கள். கார்த்திகைப் பட்ட நிலக்கடலை விதைக்காக எடுத்து வைத்திருந்த பணம் அதற்குப் போயிருக்க வேண்டியது. உள்ளூரில் டிராக்டர் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்து, வண்டிக்கு அடியில் படுத்து, ஒரு ரப்பர் உறையை விரலால் விலக்கிக் காட்டினார். உள்ளே ஈரம். "கிளட்ச் நல்லாத்தான் இருக்கு தம்பி. அதைத் தள்ளுறதுக்குத்தான் எண்ணெய் இல்ல." ரப்பர் வாஷர்களை மாற்றி, எண்ணெய் ஊற்றி, காற்றை வெளியேற்றியதும் கியர் விழுந்தது. புதுக் கிளட்ச் செட்டின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இதே புகார் டிராக்டர் வைத்திருப்பவர்களிடமும் அடிக்கடி வருகிறது. ஆனால், அங்கே காரணம் பெரும்பாலும் வேறு. இரண்டையும் பார்த்துவிடலாம்.

நழுவுவது வேறு, பிரியாதது வேறு

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம் ஃப்ளைவீல். அதற்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் அழுந்திக் கிடக்கிறது. அந்தப் பிடிப்பில்தான் எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போகிறது. பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட் பின்வாங்கி, நடுவில் உள்ள தட்டு விடுபட வேண்டும். அப்படிப் பின்வாங்கும் தூரம் எவ்வளவு தெரியுமா? சுமார் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான். பெடலில் ஒரு சாண் அளவுக்குக் கால் இறங்கினாலும் உள்ளே கிடைப்பது இவ்வளவே. எனவே வழியில் எங்கே சிறிது தொய்வு இருந்தாலும் தட்டு முழுதாகப் பிரியாது. எஞ்சின் கியர்பாக்ஸைச் சுற்றிக்கொண்டே இருக்கும், கியர் பல் உரசும்.

இதன் நேர் எதிரான கோளாறு நழுவல். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்தும், வண்டி இழுக்காது. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்து, "கிளட்ச் பிரச்னை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். மெக்கானிக்கிடம் இதைப் பிரித்துச் சொல்வது முக்கியம். ஏனென்றால், கம்பி அல்லது ராடு வைத்த கிளட்சில் ஒன்றுக்கான வைத்தியம் மற்றதற்கு விஷம். நழுவுகிறது என்று பெடலின் விளையாட்டை, அதாவது ஃப்ரீ பிளேயை, அளவுக்கு மேல் கூட்டி வைத்துவிட்டுப் போனால், மறுநாளே கியர் விழாது. "சரி பண்ணின பிறகுதான் கெட்டது" என்று வருபவர்களில் பலருக்கு இதுதான் கதை.

கோளாறு கிளட்சிலா, கியர் லிவரிலா என்பதற்கும் எளிய சோதனை உண்டு. எஞ்சின் நின்றிருக்கும்போதும் கியர் இறுக்கமாக இருந்தால், லிவர் இணைப்பையோ கியர்பாக்ஸையோ பார்க்க வேண்டும். நின்றிருக்கும்போது சுலபம், ஓடும்போது மட்டும் உரசல் என்றால் கிளட்ச் பிரியவில்லை. சமதரையில், முன்னும் பின்னும் ஆள் இல்லாத இடத்தில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பெடலை முழுதாக மிதித்து, நாலைந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அந்த இடைவெளியில் கியர்பாக்ஸின் உள்சுழற்சி அடங்கியிருக்க வேண்டும். அதன் பிறகும் கத்தினால் சந்தேகமே வேண்டாம்.

பெடலிலிருந்து தொடங்குங்கள்

முதலில் பெடலுக்கு அடியில் பாருங்கள். சிரிக்க வேண்டாம். தடித்த மிதியடியோ, சுருட்டிப் போட்ட கோணிப்பையோ பெடலைப் பாதியில் தடுத்து நிறுத்துவது உண்டு.

அடுத்து, பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். கனம் தெரியாமல் இறங்கும் அந்த முதல் சிறு தூரம்தான் ஃப்ரீ பிளே. கம்பி, ராடு வகைகளில் இது வண்டிக்கு வண்டி மாறும். டிராக்டர்களில் பொதுவாக இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அளவில் இருக்கும். சரியான கணக்கு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். கையேடு இல்லாதவர்கள் டீலரிடம் அந்த ஒரு பக்கத்தைக் கேட்டு போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஃப்ரீ பிளே அளவுக்கு மேல் இருந்தால், மிதிப்பதில் பாதி வீணாகப் போகிறது என்று அர்த்தம். கம்பி இழை பிரிந்திருக்கிறதா, ராடு முனையில் பின் தேய்ந்து ஓட்டை பெரிதாகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். தேய்ந்த பின்னை விட்டுவிட்டு நட்டை மட்டும் முறுக்குவது பத்து நாள் தாங்கும்.

எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கிளட்சானால், பெடலை நாலைந்து முறை வேகமாக மிதித்துவிட்டுக் கியர் போட்டுப் பாருங்கள். அப்போது மட்டும் விழுந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது அல்லது எண்ணெய் குறைந்திருக்கிறது. டப்பாவில் அளவைப் பாருங்கள். பெடலுக்கு மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டரிலும், கியர்பாக்ஸ் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள்ளும் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அடி அண்ணாமலை வண்டியில் கசிந்தது இந்த ஸ்லேவ் சிலிண்டரில்தான். சில வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. அங்கே எண்ணெய் குறைந்தால் பிரேக்கையும் சேர்த்துச் சோதிக்காமல் சாலைக்கு எடுக்கக் கூடாது.

எண்ணெய் என்றதும் கையில் கிடைப்பதை ஊற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் ஆயிலோ, டிராக்டர் ஹைட்ராலிக் ஆயிலோ பிரேக் திரவத்துக்கான டப்பாவில் போனால், உள்ளிருக்கும் ரப்பர்கள் ஊறிப் பெருத்துக் கெட்டுவிடும். பிறகு சிலிண்டர் முழுவதையும் மாற்ற நேரும். மூடியில் எழுதியிருக்கும் வகையை மட்டும் ஊற்றுங்கள். அந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சக்கூடியது. போன வருஷம் திறந்து, பாதி மீந்த பாட்டில் வேண்டாம். வண்டியின் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

காற்றை எடுப்பது இரண்டு பேர் வேலை. ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் கண்ணாடிபோல் தெரியும் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் திரவம் உள்ள பாட்டிலில் விட வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, குமிழ் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். குமிழ் வருவது நிற்கும்வரை இப்படியே. நடுவில் டப்பா காலியானால் திரும்பவும் முதலிலிருந்து.

இதெல்லாம் சரியாக இருக்கிறதா? ஒருவர் மிதிக்க, இன்னொருவர் வெளியே தெரியும் ஃபோர்க் நகர்வதைப் பார்க்கட்டும். எஞ்சின் ஓடக் கூடாது. ஃபோர்க் அளவாக நகர்ந்தும் தட்டு பிரியவில்லை என்றால் மட்டுமே கோளாறு உள்ளே இருக்கிறது.

டிராக்டரில் துரு

சேற்றுழவு முடிந்து, மழையில் இரண்டு மூன்று மாதம் ஓரமாக நிறுத்தப்பட்ட டிராக்டர். எடுக்கும்போது கியர் விழாது. பெடல் அளவெல்லாம் சரியாகவே இருக்கும். உள்ளே கிளட்ச் பிளேட் ஈரத்தில் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கும்.

பல டிராக்டர்களில் கிளட்ச் இருக்கும் கூட்டின் அடியில் ஒரு வடிகால் துளை உண்டு. சேற்றில் இறங்கும்போது அதை அடைக்க வேண்டும், வெளியே வந்ததும் திறக்க வேண்டும். அடைப்பதை மறப்பவர்களைவிடத் திறப்பதை மறப்பவர்களே அதிகம். அடைத்தபடியே விட்டால், உள்ளே போன ஈரமும் கசிந்த ஆயிலும் வெளியேற வழியில்லாமல் தட்டைக் கெடுக்கின்றன.

ஒட்டிய தட்டை விடுவிக்க முதல் வழி பொறுமை. நியூட்ரலில் எஞ்சினை நன்றாகச் சூடேற்றி நிறுத்துங்கள். பெடலை அழுத்தி, கொக்கி இருந்தால் அதை மாட்டி, இல்லையென்றால் கட்டைகொடுத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். விடவில்லை என்றால், அனுபவமுள்ளவர் திறந்த வயலில் பெடலை மிதித்தபடி ஓட்டி, பிரேக்கை விட்டு விட்டு அழுத்தித் தட்டைப் பிரிப்பதுண்டு. கருவி எதுவும் மாட்டியிருக்கக் கூடாது. எஞ்சினை நிறுத்தும் குமிழ் வேலை செய்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாதபடி பாதுகாப்பு சுவிட்ச் உள்ள டிராக்டரில், ஒயரை இணைத்து அதை ஏமாற்ற வேண்டாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். துளைவழியாக டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றும் வைத்தியமும் வேண்டாம். தட்டு எண்ணெயில் ஊறினால் நாளைக்கு நழுவும்.

இரட்டைக் கிளட்ச் உள்ள டிராக்டரில் இன்னொரு விஷயம். பெடலைப் பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும். அடிவரை மிதித்தால் பி.டி.ஓ. தண்டும் நிற்கும். கியர் நன்றாக விழுந்து, பி.டி.ஓ. லிவர் மட்டும் உரசினால் இரண்டாவது கட்டம்தான் பிரியவில்லை. அதற்குத் தனியாக அளவு வைக்க வேண்டும்.

ரிப்பேர் முடியும்வரை உழவு காத்திருக்காது என்றால், உழவன் செயலியில் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை வாடகைக்குப் பதிவு செய்யலாம்.

'கிளட்ச்சை மிதிச்சிருக்கேன், நீ பின்னைப் போடு!'

டிரெய்லர் மாட்டும்போது நம் ஊர்களில் தினமும் கேட்கும் குரல் இது. அப்பா டிராக்டரைப் பின்னால் எடுப்பார். மகன் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் பின்னோடு நிற்பான். அப்பா கிளட்சை மிதித்துக்கொண்டு கியரிலேயே நிற்பார். கிளட்ச் பிரியாத டிராக்டரில் அந்தக் காலை நம்ப முடியாது. வண்டி நகரும், நடுவில் நிற்பவருக்கு ஒதுங்க இடமிருக்காது. நியூட்ரலுக்கு வந்து, கை பிரேக் போட்டு, "வா" என்று சொன்ன பிறகுதான் அவன் உள்ளே போக வேண்டும். கிளட்ச் நன்றாக இருக்கும் டிராக்டருக்கும் இதே விதிதான்.

கதிரடிக்கும் இயந்திரத்தில் தாள் சிக்கும்போதும் இப்படித்தான். பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது சுற்று. கிளட்சை மிதித்திருக்கிறார்கள் என்று நம்பிக் கை வைக்கவே கூடாது. பி.டி.ஓ.வை விடுவித்து, எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு தாளை எடுக்க வேண்டும்.

கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்றால்

அரைக் கிளட்சில் ஊர்ந்தே ஓட்டிய வண்டிகளில் தட்டு சூட்டில் வளைந்திருக்கும். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், செங்கம் சாலை, காஞ்சி சாலை நெரிசலில் லோடோடு ஊர்ந்து போகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. நெரிசலில் கிளட்சில் தாங்காமல், நியூட்ரலில் நின்று, இடம் கிடைத்ததும் நகர்வது தட்டைக் காக்கும்.

இறக்கும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். தட்டு தண்டின் பற்களில் தடையில்லாமல் முன்னும் பின்னும் நகர வேண்டும். துரு இருந்தால் சுத்தம் செய்து, கையேடு சொல்லும் கிரீஸை மெல்லியதாகத் தடவ வேண்டும். விரல்கள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். புதுத் தட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று குறித்திருக்கும். திருப்பி மாட்டினால் புதுத் தட்டும் பிரியாது. கூட்டுக்குள் இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், ஈரத்துணியால் துடைப்பதே சரி.

ஃப்ளைவீலின் நடுவில் சிறிய பைலட் பேரிங் ஒன்று இருக்கும். அது இறுகிவிட்டால், தட்டு பிரிந்தாலும் எஞ்சின் அந்தத் தண்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். புதுக் கிளட்ச் செட் மாட்டியும் பழைய கோளாறு தொடர்ந்த வண்டிகளில் விட்டுப்போனது பல சமயம் இதுதான். விலை குறைவு. கூட்டைத் திறந்த அன்றே ரிலீஸ் பேரிங்கோடு சேர்த்து இதையும் மாற்றச் சொல்லி, கழற்றிய பழையதைக் கையில் வாங்கிச் சுற்றிப் பாருங்கள்.