சீட்டு இல்லாத மாத்திரை

ஆன்டிபயாட்டிக் மருந்துகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்குவது, தமிழ்நாட்டின் மற்ற கிராமப்புறங்களைப் போலவே பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலும் வழக்கமாக இருக்கிறது. காய்ச்சல், தொண்டை வலி, வயிற்றுப்போக்கு என்றால் முதலில் போகும் இடம் மெடிக்கல். "உடம்பு வலி, காய்ச்சல், ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்று சொன்னால் போதும். ஒரு பாராசிட்டமால், சளிக்கு ஒரு செட்டிரிசின், ஒரு வலி மாத்திரை, கூடவே ஒரு அமாக்சிசிலினோ அசித்ரோமைசினோ சேர்ந்து காகித உறையில் வந்துவிடும். இதற்குச் 'செட்டு' என்று பெயர். இதில் எது ஆன்டிபயாட்டிக் என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஆன்டிபயாட்டிக் அட்டையில் அச்சிட்ட சிவப்புக் கோட்டைக் கவனியுங்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் பிரசாரம் தொடங்கியது. மாத்திரையை ஒவ்வொன்றாகக் கத்தரித்துக் கொடுக்கும் கடையில் அந்தக் கோடும் மருந்தின் பெயரும் பெரும்பாலும் மிச்ச அட்டையோடு பெட்டிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. 1945-ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளில் உள்ள 'எச்' பட்டியல் மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த 'எச்-1' பட்டியல் இன்னும் கண்டிப்பானது. செஃபிக்சைம், லெவோஃப்ளாக்சசின், மெரோபெனம் உள்ளிட்ட 46 மருந்துகளோடு அது தொடங்கியது. அவற்றை விற்றால் சீட்டு எழுதிய மருத்துவர், வாங்கிய நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அமாக்சிசிலினும் அசித்ரோமைசினும் 'எச்' பட்டியலில் மட்டும் இருப்பதால் அவற்றுக்கு இந்தப் பதிவேடு தேவையில்லை. சீட்டு மட்டும் கட்டாயம்.

சட்டத்தை மீறி மக்கள் ஏன் வாங்குகிறார்கள் என்ற கேள்விக்கு அறியாமை என்ற ஒற்றைச் சொல்லைப் பதிலாகச் சொல்வது எளிது. அது அவர்களுக்குச் செய்யும் அநியாயமும்கூட. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரைப் பார்க்கக் கட்டணமில்லை, மருந்தும் இலவசம். அப்படியும் காசு கொடுத்து மெடிக்கலில் வாங்குகிறார்கள் என்றால், அவர்கள் மிச்சம் பிடிப்பது பணத்தை அல்ல, பகலை. ஆலத்தூர், செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் அறுவடை, வேப்பந்தட்டை, குன்னம் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும், ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி, அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் என்று எங்கு பார்த்தாலும் அன்றாடக் கூலி வேலைதான். புறநோயாளிகள் கூட்டம் காலையில் இருக்கிறது, வேலையும் அதே காலையில்தான். வரிசையில் நின்று பஸ் பிடித்துத் திரும்புவதற்குள் அன்றைய கூலி போய்விடும். காய்ச்சலோ பெரும்பாலும் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் உறைக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் விளக்கு எரியும் மருத்துவ இடம் பெரும்பாலும் கடைத்தெரு மெடிக்கல்தான். கடைக்காரரும் தெரிந்தவர், 'அண்ணே' என்று கூப்பிடும் உறவு, கையில் காசில்லை என்றால் கணக்கில் எழுதிக்கொள்வார்.

இரண்டாவது காரணம் மனித உடலின் இயல்பிலேயே இருக்கிறது. சளி, இருமல், தொண்டை வலி, சாதாரணக் காய்ச்சல் ஆகியவற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. வைரஸின் மேல் ஆன்டிபயாட்டிக்குக்கு எந்த வேலையும் இல்லை. ஆனால் வைரஸ் காய்ச்சல் சில நாட்களில் தானே வடிந்துவிடும். மூன்றாம் நாள் செட்டு வாங்கினால் ஐந்தாம் நாள் உடம்பு தேறுகிறது. தேற்றியது உடலின் நோய் எதிர்ப்பாற்றல், பெயர் வாங்கியது மாத்திரை. செட்டில் இருக்கும் பாராசிட்டமால் ஒரு மணி நேரத்தில் சூட்டைத் தணிப்பதால் நம்பிக்கை இன்னும் இறுகுகிறது. அடுத்த முறை அதே மாத்திரையைப் பெயர் சொல்லியே கேட்கிறார்கள். கண்முன்னே 'பலித்த' ஒன்றை நம்பாதே என்று சுவரொட்டி ஒட்டிச் சொல்வதில் பயனில்லை.

இந்தப் பழக்கத்தில் மருத்துவர்களுக்கும் பங்கு உண்டு. சாதாரணச் சளிக்கும் ஆன்டிபயாட்டிக் எழுதும் மருத்துவரிடமிருந்துதான் நோயாளி அந்தப் பெயரைக் கற்றுக்கொள்கிறார். ஊசி போட்டு, மாத்திரை நிறையக் கொடுத்தால்தான் நல்ல டாக்டர் என்ற எதிர்பார்ப்பு மருத்துவரையும் நெருக்குகிறது. போன ஆண்டு எழுதிய சீட்டு இந்த ஆண்டுக் காய்ச்சலுக்கும் கடைக்குப் போகிறது. மூத்தவனுக்கு வாங்கியதில் மிஞ்சிய மருந்து இளையவளுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஆகிறது.

இதே பழக்கம் அமெரிக்காவிலும் உண்டு. டெக்சாஸின் ஹூஸ்டன் நகர கிளினிக்குகளுக்கு வந்த 400 நோயாளிகளிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், முந்தைய ஓராண்டில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதாக 5 சதவீதத்தினர் கூறினர். தேவைப்பட்டால் சாப்பிடுவோம் என்றவர்கள் நால்வரில் ஒருவர். மெக்சிகோ போன்ற நாடுகளிலிருந்து குடியேறிய ஹிஸ்பானிக் மக்களிடம் இதற்கான காரணங்களைக் கேட்டபோது மருத்துவச் செலவு, காப்பீடு இல்லாமை, நெடுநேரக் காத்திருப்பு, போக்குவரத்துச் சிரமம், சொந்த நாட்டில் கேட்டதும் கிடைத்த பழக்கம், உறவினர் தந்த மிச்ச மாத்திரை என்று பதில்கள் வந்தன. செலவையும் காப்பீட்டையும் சொந்த நாட்டுப் பழக்கத்தையும் எடுத்துவிட்டால் குன்னத்திலும் செந்துறையிலும் கேட்கக்கூடிய பதில்கள்தான் இவை.

உடலுக்குள் நடப்பது என்ன? குடலிலும் தோலிலும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் தீங்கின்றி வாழ்கின்றன. தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வோர் ஆன்டிபயாட்டிக்கும் அவற்றில் பலவீனமானவற்றைக் கொன்று, மருந்தைத் தாங்கும் சிலவற்றுக்கு இடம் ஒதுக்கித் தருகிறது. தாங்கும் திறனுக்கான மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ வளையங்களில் இருக்கின்றன. ஒரு பாக்டீரியா அதை நகலெடுத்து, வேறு இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிட முடியும். இன்று குடலில் சும்மா இருக்கும் ஈ.கோலை பாக்டீரியா நாளை சிறுநீர்ப் பாதையில் தொற்றாகும்போது, வழக்கமான மாத்திரை அதன் முன் நிற்காது. 'கோர்ஸை முடிக்காததுதான் தவறு' என்று பலரும் நினைக்கிறார்கள். வைரஸ் காய்ச்சலுக்கு ஐந்து நாள் முழுதாகச் சாப்பிட்டாலும் கேடு குறையாது, கூடத்தான் செய்யும்.

பெனிசிலினை 1928-இல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே இதை எச்சரித்தார். தொண்டை வலிக்குத் தானே பெனிசிலின் வாங்கிக் குறைந்த அளவில் சாப்பிட்ட ஒருவர், மருந்தைத் தாங்கப் பழகிய கிருமியை மனைவிக்குப் பரப்ப, அந்தப் பெண் நிமோனியாவில் இறந்துபோவதாக ஒரு கற்பனை நிகழ்வை அவர் சொன்னார். அந்தக் கற்பனை நடப்பாகிவிட்டது. கடைசிக் கட்ட மருந்துகளான கார்பபெனம்களையே சிதைக்கும் என்.டி.எம்-1 நொதி பரவியிருப்பதை 2010-இல் விரிவாக எடுத்துக்காட்டிய ஆய்வில் சென்னை மாதிரிகளும் இருந்தன. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கார்த்திகேயன் குமாரசாமி. மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாத் தொற்றுகளால் 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழ் மதிப்பீடு கூறுகிறது.

இது நாளைய ஆபத்து மட்டுமல்ல, அதே வாரத்தில் உயிரைக் குடிக்கும் ஆபத்தும் உண்டு. உண்ணிக் காய்ச்சல் என்று அழைக்கப்படும் ஸ்க்ரப் டைபஸ் அதற்குச் சரியான சான்று. பெயரில் உண்ணி இருந்தாலும் இதைப் பரப்புவது புதரிலும் வரப்புப் புல்லிலும் வாழும் மைட் என்னும் நுண்பூச்சியின் இளம்பருவம். மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் தமிழ்நாட்டில் இது அதிகரிக்கிறது. தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் போலவே இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ் போன்ற மறைவிடங்களில் வலிக்காத ஒரு கருகிய புண் பலருக்கு இருக்கும். உடையை விலக்கிப் பார்க்கும் மருத்துவருக்குத்தான் அது தெரியும், கடைப் பலகைக்கு அப்பால் நிற்பவருக்குத் தெரியாது. இந்தக் கிருமி நம் செல்களுக்குள் வாழ்வது. செட்டில் வரும் அமாக்சிசிலினோ செஃபிக்சைமோ இதைத் தொடாது. டாக்சிசைக்ளின் என்ற விலை மலிவான மருந்து குணப்படுத்தும், அசித்ரோமைசினும் உரிய அளவில் உதவும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பாதிப்பு பரவும். நோய் முற்றியவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்து இரத்த நாளம் வழியாகச் செலுத்துவதே மேல் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையிலான ஆய்வு 2023-இல் நிறுவியது.

காசநோயிலும் இதே கதை. நீடித்த இருமலுக்கு லெவோஃப்ளாக்சசின் சாப்பிட்டால் காசநோய்க் கிருமி சற்று அடங்குவதால் நோயாளி தேறியதாக நினைப்பார். பரிசோதனை தள்ளிப்போகும், அதற்குள் வீட்டில் இருப்பவர்களுக்கும் நோய் தொற்றலாம். மருந்தை எதிர்க்கும் காசநோய்க்குத் தேவைப்படும் ஆயுதங்களில் ஒன்றும் இப்படி மழுங்கிவிடும். சீட்டில்லா மருந்து மனிதரோடு நிற்காமல் மாட்டுக் கொட்டகைக்கும் கோழிப் பண்ணைக்கும் போகிறது. மனிதச் சிகிச்சையில் கடைசிப் புகலிடமான கொலிஸ்டின் மருந்தை அங்கே பயன்படுத்த 2019-இல் மத்திய அரசு தடை விதித்தது.

தடை மட்டும் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு மெக்சிகோ ஒரு பாடம். 2010 ஆகஸ்டில் அந்நாடு சீட்டில்லா ஆன்டிபயாட்டிக் விற்பனையைக் கண்டிப்புடன் தடுத்தது. விற்பனை குறைந்தது, கூடவே மருந்துக்கடைகளை ஒட்டிச் சிறு மருத்துவர் அறைகள் பெருகின. மக்கள் தேடியது மருந்துக்குப் பக்கத்திலேயே ஒரு மருத்துவரை என்பது அப்போது தெரிந்தது. கேரளம் 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில் கடைகளில் சோதனையைத் தொடங்கியது. ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைத் தனி நீல உறையில் கொடுக்கும் முறையும் அங்கே வந்தது. செட்டுக்குள் பெயரில்லாமல் ஒளிந்திருக்கும் மாத்திரைக்கு அந்த நீல உறை ஓர் அடையாளம் தருகிறது.

அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது பெரிய முன்னேற்றம். ஆனால் ஆண்டிமடத்து முந்திரிக் காட்டிலிருந்து மாலை ஆறு மணிக்குக் காய்ச்சலோடு திரும்பும் பெண்ணுக்கு அது ஒரு பஸ் பயணத்துக்கு அப்பால் இருக்கிறது. அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியவை மூன்று: விளக்கு எரியும் புறநோயாளிப் பிரிவு, அங்கேயே செய்யக்கூடிய எளிய இரத்தப் பரிசோதனை, "இது வைரஸ், கஞ்சியும் பாராசிட்டமாலும் போதும், மூன்று நாளில் விடாவிட்டால் வாம்மா" என்று சொல்ல நேரமுள்ள ஒரு மருத்துவர்.