குடியிருப்பும் குடியுரிமையும்

'குடி' என்னும் தமிழ்ச்சொல் இல்லத்தையும் குறிக்கும், குடும்பத்தையும் குறிக்கும், நாட்டு மக்களையும் குறிக்கும். நிலைத்த இல்லம் உடையோரையே ஊர் தன்னவராக ஏற்கும் என்பதை இச்சொல்லே உணர்த்துகின்றது எனலாம். ஐரோப்பிய நகரங்களின் புறத்தே ரோமா மக்கள் ஒதுக்குண்டு வாழும் நிலை இதற்குச் சான்றாகும். எனினும், அதனைக் காணக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. கண்டி மாநகரும் அதனைச் சூழ்ந்த மலைகளுமே போதும்.

கம்பளைப் பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் 1820களில் தோன்றின. தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். இத்தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர்க்கு அமைக்கப்பட்டவையே 'லயன்'கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல காம்பராக்கள். ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். இட நெருக்கடியினும் கொடியது பிறிதொன்றுண்டு. காம்பரா தோட்டத்தின் உடைமை. தொழில் உள்ளவரையே அதில் இருப்பு. தலைமுறைகள் பல கழிந்தும் குடியிருந்தோர்க்கு மண் உரிமையாகவில்லை.

நகரத்துள்ளும் இந்நிலை உண்டு. நகரத் துப்புரவுத் தொழிலுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் கண்டி மகியாவப் பகுதியில் வாழ்கின்றனர். கடைத்தெருவும் பாடசாலையும் மருத்துவமனையும் அவர்க்குத் தொலைவில் இல்லை. ஆயினும், இடத்தின் பெயரே முன்னோரின் தொழிலையும் சாதியையும் பிறர்க்கு அறிவித்துவிடுகின்றது. இங்குள்ள இடைவெளி வழியின் நீளத்தாலன்று, மனத்தின் குறுக்கத்தால் விளைந்தது.

சட்டமும் இவ்விடைவெளியைப் பெருக்கியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலையைப் பின்னர் முடிவு செய்ய விட்டது. நாடற்ற நிலை நீங்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வழிவகுத்தது. ஆயினும், வாக்குரிமை பெற்றோர்க்கும் ஊராட்சியின் பயன் எளிதில் எட்டவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாய் நின்றது. அது 2018இலேயே திருத்தப்பட்டது. தோட்டங்களிற் புதிய கிராமங்களை அமைத்தற்கென அதிகாரசபையொன்றும் அவ்வாண்டிலேயே சட்டத்தால் நிறுவப்பட்டது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? குடியுரிமை தாளிற் கிடைத்தாலும், நிலவுரிமையின்றி அது முழுமை பெறுவதில்லை. காம்பராவை இடித்துப் புதுவீடு கட்டுதல் நற்செயலே. ஆனால், உறுதிப் பத்திரமின்றி அவ்வீடு வழங்கப்படின், மாறுவது சுவரேயன்றி வாழ்வன்று. ஊரினின்று விலகிய ஒதுக்கிடத்தில் அமையின், பழைய வேலி புதுவடிவிற் தொடரும். நிலம் தன் பெயரிலும், வீட்டிலக்கம் ஊர்ப்பதிவிலும், பிள்ளைகளின் பெயர் ஊர்ப் பாடசாலையிலும் இடம்பெறும் நாளிலேயே குடியிருப்போர் குடிமக்களாவர்.