இரண்டு பக்கமும் எழுதவேண்டிய கணக்கு



வழக்கமாக இந்தப் பக்கத்தில் வருமானவரி, சுப்பர் சேமிப்பு என்று எழுதுகிற நான், இந்த மாதம் உளவளத்துணை பற்றி எழுதுகிறேன். "கணக்காளருக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. காரணம் உண்டு.

சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் நேயர் விருப்பம் நிகழ்ச்சிக்கு ஒரு அம்மா தொலைபேசி எடுத்தார். பழைய பாடல் ஒன்றைக் கேட்டுவிட்டு, "தம்பி, இது என்ரை மகனுக்கு விருப்பமான பாட்டு. 95 இலை நாங்கள் நாவற்குழிப் பாலம் தாண்டேக்கை..." என்று தொடங்கினார். குரல் உடைந்துவிட்டது. நிகழ்ச்சியோ நேரடி ஒலிபரப்பு. எனக்குக் கை நடுங்கியது. "கவலைப்படாதேங்கோ அம்மா, எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லிப் பாட்டைப் போட்டுவிட்டேன். பாட்டு முடிந்தபோது அவர் இணைப்பில் இல்லை. அதற்குப் பிறகு அவர் எடுக்கவும் இல்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு "எல்லாம் நன்மைக்கே" என்று சொன்ன வாய் இது. அந்த உறுத்தலோடு இருந்தபோதுதான், உளவளத்துணையாளர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்குமான இரண்டு நாள் பயிற்சிப் பட்டறையில் சமூகத் தொண்டர்களுக்கும் சில இடங்கள் இருப்பதாக அறிவித்தல் வந்தது. பெயரைக் கொடுத்தேன். கதைவழி உளவளத்துணை என்பது பட்டறையின் பொருள்.

இந்த முறை நாங்கள் வாழும் இந்த நாட்டிலேயே வளர்ந்தது. அடிலெய்டைச் சேர்ந்த சமூகப் பணியாளர் மைக்கேல் வைற், நியூசிலாந்தின் ஒக்லாந்தில் பணியாற்றிய டேவிட் எப்ஸ்டன் ஆகிய இருவரும் 1980களில் இதை உருவாக்கினார்கள். 1990 இல் இருவரும் சேர்ந்து எழுதிய நூல் இதை உலகெங்கும் கொண்டுசென்றது. வைற் 2008 இல் காலமானார். அடிலெய்டில் உள்ள டல்விச் நிலையம் இன்றும் இதற்கான பயிற்சிகளை நடத்திவருகிறது.

இதன் அடிப்படை எளிமையானது. ஆள் வேறு, அவரைப் பிடித்திருக்கும் பிரச்சினை வேறு. வைற் 1984 இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு நல்ல உதாரணம். காற்சட்டையிலேயே மலம் போய்விடும் பிள்ளைகளைப் பற்றியது அது. பிள்ளைக்கு வெட்கம், தாய்க்குக் குற்ற உணர்வு, தகப்பனுக்குக் கோபம். வைற் அந்தப் பிரச்சினைக்கு ஒரு கள்ளப் பயலுக்கு வைப்பதுபோலப் பட்டப்பெயர் வைத்தார். "அவன் உன்னை எப்படி ஏமாற்றுகிறான்? அம்மாவுக்கும் உனக்கும் இடையில் என்ன செய்கிறான்? நீ அவனை ஏமாற்றிய நாள் உண்டா?" என்று கேட்டார். ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்த குடும்பம், ஒரே பக்கத்தில் நின்று அந்தக் கள்ளனைப் பிடிக்கத் தொடங்கியது.

எங்கள் வீடுகளை நினைத்துப் பாருங்கள். "அவன் சோம்பேறி", "இவள் கோவக்காரி", "அந்த மனுசனுக்கு மண்டை சரியில்லை." பெயர் வைப்பதில் நாங்களும் கெட்டிக்காரர்தான். ஆனால் பிரச்சினைக்கு வைக்கவேண்டிய பெயரை ஆளுக்கு வைத்துவிடுகிறோம். உளவளத்துணையாளரிடம் போனால் ஊர் 'விசர்' என்று சொல்லும் என்று நாங்கள் பயப்படுவதும் இதனால்தானே?

பட்டறையில் ஒரு சமூகப் பணியாளர் கேட்டார்: "மனைவிக்கு அடிக்கிறவர், 'நான் அடிக்கவில்லை, கோபம்தான் அடித்தது' என்று தப்பிவிடமாட்டாரா?" நல்ல கேள்வி. பயிற்றுநர் சொன்ன பதில்: அடித்த கைக்கு அவரே பொறுப்பு, அதில் சலுகை கிடையாது. கோபத்தை வேறாக வைத்துப் பார்ப்பது, "இது என் வீட்டுக்கு என்ன செய்கிறது, நான் இதன் பக்கமா, எதிர்ப்பக்கமா?" என்று அவரை முடிவெடுக்க வைப்பதற்காக.

என் தொழிலோடு பொருந்திய பாடம் அதற்குப் பிறகுதான் வந்தது. இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எதிர்ப்பதிவு இருக்கவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் பரீட்சை மீதி பொருந்தாது. வலியும் அப்படித்தான் என்கிறார் வைற். ஒருவர் எதற்காகத் துடிக்கிறாரோ, அதற்குப் பின்னால் அவர் பெறுமதியாக வைத்திருந்த ஒன்று இருக்கிறது. துணையாளர் வலியைக் கேட்பதோடு நிற்காமல் அந்த எதிர்ப்பதிவையும் தேடவேண்டும். நானோ வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போடுவதுபோல, அந்த அம்மாவின் கண்ணீரின் மேல் ஒரு பாட்டைப் போட்டிருக்கிறேன்.

இரண்டாம் நாள் 'வாழ்க்கை மரம்' என்ற பயிற்சி. சிம்பாப்வேயைச் சேர்ந்த உளவியலாளர் ந்கசெலோ ந்கூபேயும் டல்விச் நிலையத்தின் டேவிட் டென்பரோவும், எயிட்ஸ் நோயால் உறவுகளை இழந்த ஆபிரிக்கப் பிள்ளைகளுக்காக வடிவமைத்தது. ஒரு மரத்தை வரைந்து, வேரில் பிறந்த ஊரையும் பரம்பரையையும், நிலத்தில் இன்றைய வாழ்வையும், அடிமரத்தில் உங்கள் திறமைகளையும், கிளைகளில் நம்பிக்கைகளையும், இலைகளில் உயிரோடு உள்ள, இல்லாத அன்புக்குரியவர்களையும், பழங்களில் உங்களுக்குக் கிடைத்த கொடைகளையும் எழுதவேண்டும். அதன் பிறகுதான் புயல்களைப் பற்றிய பேச்சு. முதலில் காலூன்ற ஓர் இடம், பிறகு துன்பம் என்பதுதான் ஒழுங்கு. செல்லடியும் சாவும் கண்டவரிடம் எடுத்த எடுப்பில் அதையே விபரமாகச் சொல்லும்படி கேட்பது, புண்ணை மறுபடி கிளறுவதாக முடியலாம்.

நான் பழக்கதோசத்தில் பனைமரம் வரைந்துவிட்டேன். கிளைக்கு எங்கே போவது? பயிற்றுநர் சிரித்துவிட்டு, ஓலையில் எழுதுங்கள் என்றார். எங்கள் பாட்டன்மார் எழுதியதும் ஓலையில்தானே!

ஓர் ஓலையில் ஐயாவின் பெயரை எழுதினேன். 1995 ஒக்டோபர் 30 இல் நாங்களும் அந்தச் சனத்தோடு சனமாகத்தான் வெளிக்கிட்டோம். அந்த நாளை இத்தனை வருடமாக, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய வெட்கமாகவே மனதில் வைத்திருந்தேன். பட்டறையில் கேட்ட கேள்வி ஒன்றுக்குத்தான் ஐயாவின் கொப்பி ஞாபகம் வந்தது. வழியில் தண்ணீர் தந்த வீடு, தென்மராட்சியில் அரிசி தந்த வீடு, திண்ணை தந்த வீடு எல்லாவற்றையும் ஐயா திகதியோடு எழுதிவைத்தார். "திருப்பிக் குடுக்கவேணும், தம்பி" என்பார். கொடுக்கமுன்னமே வன்னியில் கண்ணை மூடிவிட்டார். அகதியாக நின்ற வேளையிலும் மனிதரின் கடன் மறக்காத ஒருவரின் பிள்ளை நான். என் கணக்கில் எழுதாமல் விட்டிருந்த பக்கம் அது.

கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் ஒரு விதி இருந்தது: புத்திமதி கூடாது, பாராட்டும் கூடாது. எந்தச் சொல் தங்களைத் தொட்டது, அது தங்கள் வாழ்வில் எதை ஞாபகப்படுத்தியது என்பதை மட்டும் சொல்லவேண்டும். வியட்நாமில் இருந்து படகில் வந்த குடும்பத்துப் பெண் ஒருவர் சொன்னார்: "வழியில் எங்களுக்குச் சோறு தந்தது யார் என்று என் அம்மாவிடம் நான் இதுவரை கேட்டதில்லை. இன்று இரவு கேட்பேன்."

வீட்டுக்கு வந்து, அந்த அம்மாவின் மகளுடைய எண்ணைத் தேடிப்பிடித்து, அனுமதி கேட்டுப் பேசினேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "உங்கடை மகனுக்கு அந்தப் பாட்டில் எது விருப்பம் அம்மா?" என்று மட்டும் கேட்டேன். மகன் சைக்கிளில் அதைப் பாடிக்கொண்டே படலையைத் திறக்கும் சத்தத்தில் இருந்து தொடங்கினார். நாற்பது நிமிடம் கதைத்தார். அழுதார், ஒரு தடவை சிரிக்கவும் செய்தார். அவர் துயரம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. நான் துணையாளனும் இல்லை. ஆனால் அன்று மகன் இறந்த கதையோடு, மகன் வாழ்ந்த கதையும் அந்தத் தொலைபேசியில் இருந்தது. இதை எழுத அவர் சம்மதம் தந்தார்.

இரண்டு நாள் பட்டறை யாரையும் துணையாளர் ஆக்கிவிடாது. நித்திரையின்மை, கெட்ட கனவு, விரக்தி தொடர்ந்தால் தகுந்தவர்களிடம் போங்கள். சித்திரவதை, போர் ஆகியவற்றில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் தனிச் சேவை உண்டு. விக்ரோறியாவில் 1987 இல் தொடங்கிய பவுண்டேசன் ஹவுஸ், நியூசவுத்வேல்ஸில் 1988 இல் தொடங்கிய ஸ்ராற்ஸ் என்பன அவற்றுள் இரண்டு. குடும்ப வைத்தியரிடம் உளநலப் பராமரிப்புத் திட்டம் கேட்டால் ஆண்டுக்கு 10 தனி அமர்வுகள் வரை மெடிகெயார் கழிவு கிடைக்கும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் 131 450. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் லைவ்லைன் 13 11 14, உடனடி ஆபத்தென்றால் 000.

சமூகசேவைத் துறையில் படிக்கும், வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் இத்தகைய பட்டறைகளுக்குப் போகவேண்டும். 'பாலம்' என்று சொன்னால் அது எந்தப் பாலம் என்று விளங்கிக்கொள்ளும் துணையாளர்கள் எங்களுக்குத் தேவை.

நிலையத்தில் நாங்களும் ஒன்றை மாற்றியிருக்கிறோம். இனி ஒரு நேயர் குரல் தளம்பினால் உடனே பாட்டு வராது. அவர் விரும்பினால், நிகழ்ச்சி முடிந்ததும் நிலையத்தில் இருந்து ஒருவர் அவரை அழைப்பார்.

அடுத்த மாதம் வரிக்கணக்கோடு சந்திப்போம். வணக்கம்.