எட்டாம் எண் மஞ்சள் சட்டை

சென்ற நவம்பர் 15ஆம் தேதி, சனிக்கிழமை. தேர்வுக்கு முந்திய படிப்பு வாரம். அன்று வந்த அறிவிப்பு எங்கள் நண்பர்கள் குழுவில் ஒருவரையும் படிக்கவிடவில்லை. ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை எடுத்துக்கொண்டது சென்னை சூப்பர் கிங்ஸ். வாட்ஸ்அப்பில் ஒருத்தி அழுகை முகங்களாக அனுப்பித் தள்ளினாள். தேசிய சேவையில் இருக்கும் ஒருவன், "இனி ஐபிஎல் பக்கமே வரமாட்டேன்" என்று முகாமிலிருந்து அறிவித்தான். (டிசம்பர் ஏலத்தின்போது நிமிடத்திற்கு ஒரு தகவல் அனுப்பியதும் அவன்தான்.)

கிரிக்கெட் பார்க்காதவர்களுக்கு இந்தத் துக்கம் புரியாது. 2023 இறுதியாட்டம் மழையால் தள்ளிப்போய், நம் நேரப்படி மே 30 அதிகாலை நான்கு மணியளவில்தான் முடிந்தது. கடைசி இரண்டு பந்துகளில் 10 ஓட்டங்கள் தேவை. ஜடேஜா முதலில் ஒரு சிக்ஸர் அடித்தார், அடுத்து ஒரு பவுண்டரி. சென்னைக்கு ஐந்தாவது கிண்ணம். அம்மா தூங்குகிறாரே என்று தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக் கத்தினேன். எதிர் புளோக்கில் யாரோ தலையணை இல்லாமலேயே கத்தினார். அந்த ஆளைத்தான் இப்போது கொடுத்துவிட்டார்கள்.

ஆனாலும், அணி செய்தது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2025ல் சென்னை 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது. தோனிக்கு 44 வயது. அவருக்குப் பிறகு விக்கெட்டுக்குப் பின்னால் யார் நிற்பது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். சாம்சனுக்கு 31 வயதுதான், ஜடேஜாவோ 37ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். 18 கோடி ரூபாயாக இருந்த அவரது ஊதியமும் இந்த மாற்றத்தில் 14 கோடியாகக் குறைந்தது.

விசுவாசம் என்ற சொல்லைத்தான் எங்கள் குழுவில் அதிகம் பயன்படுத்தினார்கள். ஜடேஜா 2008ல் தொடங்கியதே ராஜஸ்தானில்தான். ஒப்பந்தத்தில் இருக்கும்போதே வேறோர் அணியுடன் பேரம் பேசினார் என்று 2010ல் ஒரு பருவம் முழுக்கத் தடை வாங்கினார். சென்னை அவரை 2012 ஏலத்தில் 20 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. ஏன், 'தல' தோனியே 2008 ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு வந்தவர்தான். வாங்கியவரை மகனாகவும் விற்றவரைத் துரோகியாகவும் ஆக்குவது ரசிகர்களாகிய நம் வேலை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடன் தேக்கா உணவங்காடி நிலையத்துக்குப் போனேன். இடம் கிடைக்காமல் இரண்டு ஊழியர்கள் இருந்த மேசையில் உட்கார்ந்தோம். ஒருவர் ஜடேஜாவின் எட்டாம் எண் மஞ்சள் சட்டை அணிந்திருந்தார். புதுக்கோட்டைக்காரர், கட்டுமான வேலை. அப்பா சும்மா இருப்பாரா? "என்னங்க, சட்டையை மாத்தணும் போலிருக்கே" என்று ஆரம்பித்துவிட்டார்.

அவர் கோபப்படவில்லை. "அவரு என்னண்ணே பண்ணுவாரு? கம்பெனி மாத்திவிட்டா போய்த்தானே ஆவணும்" என்றார்.

நான் குறுக்கிட்டேன். ஏலம் வேறு, இது வேறு. ஏலத்தில் விளையாட்டாளர் தன் அடிப்படை விலையைத்தான் சொல்லலாம், எந்த அணி என்று சொல்ல முடியாது. ஆனால் இரு அணிகள் ஆள் மாற்றிக்கொள்வதற்கு விளையாட்டாளரின் சம்மதம் வேண்டும் என்றேன்.

"நெசமாவா? அவருகிட்ட கையெழுத்துக் கேட்டாங்களா? அப்ப கொடுத்து வச்ச ஆளும்மா."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "நம்மகிட்டயும்தான் கையெழுத்து வாங்குனாங்க. நீ படிச்சுப் பாத்தா போட்ட?"

இருவரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்கு அவ்வளவு எளிதில் சிரிப்பு வரவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதுவரை யாரும் ஜடேஜாவை வேலைக்குப் போகிற மனிதராகப் பார்க்கவில்லை.

அவர்களுக்கு இருந்த வருத்தம் வேறு. சென்னை அணியில் தமிழ்நாட்டுக்காரர்களைத் தேட வேண்டியிருக்கிறதே என்பதுதான் அது. அஷ்வின் 2025 ஆகஸ்டில் ஐபிஎல்லிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். விஜய் சங்கரையும் அணி விடுவித்துவிட்டது. சென்னைப் பிள்ளை சாய் சுதர்சனோ குஜராத் அணிக்காக 2025ல் 759 ஓட்டங்கள் எடுத்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கினார். 2022 ஏலத்தில் குஜராத் அவருக்குக் கொடுத்தது வெறும் 20 லட்சம் ரூபாய். "கையில இருந்த புள்ளைய விட்டுட்டாங்க" என்றார் புதுக்கோட்டைக்காரர், தம்பியைப் பறிகொடுத்தவர்போல.

ஊர்ப்பாசம் மட்டும் கணக்கு என்றால், சிங்கப்பூரில் பிறந்து சிங்கப்பூருக்காகவும் ஆடிய டிம் டேவிட்டுக்காக நாம் பெங்களூர் அணியின் சிவப்புச் சட்டையை அல்லவா போட வேண்டும்? அந்த அணிதான் 2025 கிண்ணத்தையும் வென்றது. தேக்காவில் அன்று நான் ஒரு சிவப்புச் சட்டையையும் பார்க்கவில்லை. நான் சென்னைக்கு இரண்டே முறை போயிருக்கிறேன், சேப்பாக்கத்தை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அணியில் ஒரு தமிழர்கூட இல்லாமல் போனாலும் மஞ்சளைத்தான் போடுவேன் என்று நினைக்கிறேன். காரணம் கேட்டால் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது.

டிசம்பர் 16ஆம் தேதி அபுதாபியில் ஏலம். நமக்கு அப்போது மாலை ஐந்து மணி, தேர்வும் முடிந்திருந்தது. பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவரையும் சென்னை ஆளுக்கு 14.20 கோடி ரூபாய்க்கு எடுத்தது. இந்தியாவுக்கு இன்னும் ஆடாத ஒருவருக்கு ஐபிஎல் ஏலத்தில் கிடைத்த ஆக அதிகத் தொகை இது. நம் பணத்தில் ஏறக்குறைய 20 லட்சம் வெள்ளி. ஒருவருக்கு வயது 20, மற்றவருக்கு 19. இருவரின் அடிப்படை விலையும் 30 லட்சம் ரூபாய்தான். என் வயதுப் பையனின் பெயரைச் சொல்லிப் பலகைகளைத் தூக்கித் தூக்கி விலையேற்றுவதைப் பார்த்தபோது கைதட்டவும் தோன்றியது, வயிற்றை என்னவோ செய்யவும் செய்தது. "ஒரு சீசன் சரியாக ஆடாவிட்டால் இவர்களை நாமே திட்டுவோம்" என்று குழுவில் எழுதினேன். மறுப்பு வரவில்லை.

ஆட்டங்கள் வழக்கம்போல் நம் நேரப்படி இரவு பத்து மணிக்குத் தொடங்கும். ராஜஸ்தானும் சென்னையும் மோதும்போது யாருக்காகக் கத்துவது என்று குழுவில் இப்போதே வாக்கெடுப்பு நடக்கிறது. 'ஜடேஜா ஐம்பது அடிக்கட்டும், சென்னை ஜெயிக்கட்டும்' என்பது முன்னணியில் இருக்கிறது. அப்பாவும் அதற்குத்தான் வாக்களிக்கச் சொன்னார்.